ஏழாம் நாள் முள்ளங்கி

மாடிப்படிக்கு அடியில் கறுப்புத் துணி போட்டு மூடி வைத்திருந்த தட்டை அத்தை கண்டுபிடித்தது மூன்றாம் நாள் காலையில். துணியின் ஒரு மூலையைத் தூக்கிப் பார்த்தவர், தூக்கிய கையாலேயே கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"ஏங்க மாப்பிள்ளை, முளைப்பாரியா போட்டிருக்கீங்க? யாருக்கு நேர்ந்தது? சொல்லியிருந்தா குளிச்சிட்டு வந்திருப்பேனே."

முளைப்பாரி இல்லை அத்தை, முள்ளங்கி, சாப்பிடுவதற்கு என்றேன். அவர் நம்பவில்லை. ஹந்தானை மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்தவர். அம்மன் திருவிழாவுக்கு விரதமிருந்து முளைப்பாரி வளர்த்துத் தலையில் சுமந்தவர். அவர் அறிந்தவரை இருட்டில் வளர்த்த பயிர் ஆற்றுக்குப் போகும், சோற்றுத் தட்டுக்கு வராது. சில நிமிடம் தட்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "சாமிக்கு வளக்கிறத நீங்க சம்பலுக்கு வளக்கிறீங்க" என்று சொல்லித் துணியைப் பழையபடி மூடினார். அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் இந்தக் கட்டுரையே எழுத வந்தேன். ஆனால் தட்டில் இருந்த விதைகளின் கதையைச் சொல்லாமல் அந்த இடத்துக்குப் போக முடியாது.

மைக்ரோகிரீன் என்று கடைப் பெட்டிகளில் எழுதியிருக்கும். எனக்குக் குறுங்கீரை என்று சொல்ல வருகிறது. விதை முளைத்து, முதல் இரண்டு வித்திலைகள் விரிந்து, அடுத்த இலை எட்டிப் பார்ப்பதற்குள் கத்தரித்துத் தின்கிற கீரை. முளைகட்டிய பயறு வேறு, இது வேறு. பயற்றை வேரோடும் விதையோடும் தின்கிறோம். இதில் வேர் மண்ணிலேயே இருந்துவிடும். முள்ளங்கிக் குறுங்கீரைக்கு ஒரு கவர்ச்சி கூடுதலாக உண்டு: நிறம். வெள்ளைத் தண்டும் பச்சை இலையுமாக ஒன்று, இளஞ்சிவப்புத் தண்டோடு ஒன்று, தண்டும் இலையும் கத்தரிப்பூ நிறத்தில் இன்னொன்று. மூன்றையும் கலந்து விதைத்தால் தட்டு பார்க்க அழகாகத்தான் இருக்கிறது.

கடுகுக்கு மூத்த அண்ணன் மாதிரி இருக்கும் முள்ளங்கி விதை. செம்பழுப்பு நிறம், கோணல் உருண்டை, கிராமுக்கு ஏறக்குறைய 100. குடும்பமும் கடுகுக் குடும்பம்தான். கோவாவும் நோக்கோலும் ஒன்றுவிட்ட உறவு. மத்தியதரைக் கடலோரத்திலிருந்து காஸ்பியன் வரை வழியோரங்களில் முளைத்துக் கிடந்த களைதான் இதன் முன்னோர். எகிப்தின் பெரிய பிரமிட்டைக் கட்டிய கூலியாட்களுக்கு முள்ளங்கி, வெங்காயம், உள்ளிப்பூண்டு வாங்க மட்டும் 1,600 தாலந்து வெள்ளி செலவானதாகப் பிரமிட்டிலேயே எழுதியிருந்தது என்று கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் கிறிஸ்துவுக்கு முந்திய ஐந்தாம் நூற்றாண்டில் எழுதி வைத்தார். எழுத்தை வாசித்துச் சொன்னவர் உள்ளூர் வழிகாட்டி. வழிகாட்டிகள் அன்றும் இன்றும் ஒரே இனம்தான் என்பதால் தொகையை நான் அப்படியே நம்புவதில்லை. கூலிக்காரரின் மரக்கறி முள்ளங்கி என்ற செய்தியை மட்டும் நம்புகிறேன். அந்தப் பெயர் அதைவிட்டு இன்னும் போகவில்லை.

கிழக்கே சீனத்துக்குப் போனது பருத்து நீண்டு வெளுத்தது. ஜப்பானில் அதற்கு டைக்கொன் என்று பெயர், பெரிய வேர் என்று பொருள். இந்தியாவில் மூலகம் ஆயிற்று, மருத்துவ ஏடுகளில் ஏறிற்று. தமிழில் முள்ளங்கி. இலங்கையில் மட்டும் அதற்கு இரண்டு பெயர். வீட்டுக்குள் முள்ளங்கி, சந்தையில் ராபு. கண்டி மத்திய சந்தையில் தமிழ் வியாபாரியிடம் நின்று முள்ளங்கி என்று கேட்டாலும் அவர் நிறுக்கும்போது ராபு என்றே விலை சொல்வார். ராபு சிங்களச் சொல். போர்த்துக்கேயர் இந்தக் கிழங்கை ராபானோ என்பார்கள். அந்தச் சொல்லின் வாலறுந்த வடிவம்தான் ராபு என்று என் காதுக்குப் படுகிறது.

அப்படியானால் அந்தச் சொல் கண்டிக்குள் வந்தது ஒரு வேடிக்கைதான். போர்த்துக்கேயருக்குக் கண்டி கடைசிவரை வசப்படவில்லை. 1638 மார்ச்சில் இரண்டாம் இராஜசிங்கனின் படை அவர்களை மகாவலிக் கரையில் கன்னொறுவையில் வைத்து அழித்தது. தளபதி தியோகோ டி மெலோவும் அங்கேயே மாண்டார். இன்று அதே கன்னொறுவையில், பேராதனைப் பூங்காவுக்கு எதிர்க்கரையில், விவசாயத் திணைக்களத்தின் தாவர மரபணு வள நிலையம் இருக்கிறது. இந்தத் தீவின் பயிர் விதைகளைக் குளிரறையில் பாதுகாக்கும் இடம். ஜப்பான் அரசின் உதவியில் கட்டியது. திணைக்களம் சிபாரிசு செய்யும் ராபு இனங்களில் ஒன்றின் பெயரும் 'ஜப்பான் போல்', அதாவது ஜப்பான் பந்து. இன்னொன்றின் பெயர் பீரளு. தென்கரையில் பெண்கள் ரேந்தை பின்னும்போது நூல் சுற்றுகிற சிறு மரக்கட்டையைப் பீரளு என்பார்கள்.

சந்தையில் ராபுவின் மரியாதை எல்லோருக்கும் தெரிந்ததே. கரட்டும் லீக்ஸும் விலையேறிய நாளில் கை போகிற மரக்கறி அது. வாசம் பிடிக்காதென்று பிள்ளைகள் தட்டை நகர்த்துவார்கள். மரஸ்ஸன, ஹங்குராங்கெத்த, நுவரெலியா பக்கங்களிலிருந்து லொறியில் வரும்போது கட்டுக்கட்டாக இலையோடுதான் வரும். வாங்குகிறவர் கிழங்கைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இலையைக் கழற்றுங்க" என்பார். வியாபாரி ஒரே திருகில் கழற்றிக் காலடியில் போடுவார். மாலையில் அந்தக் குவியல் மாட்டுக்கோ குப்பைக்கோ போகும். தோட்டத்து லயங்களில் அந்த இலைதான் கீரை. பொடியாக அரிந்து, தேங்காய்ப்பூவும் பச்சை மிளகாயும் போட்டு வறை. சிங்கள வீடுகளில் மல்லுங். வளர்ந்த முள்ளங்கியின் இலையைக் காலில் போட்டு மிதிக்கிற அதே நகரத்தில், அதன் ஏழு நாள் இலை கண்ணாடிப் பெட்டிக்குள் குளிரூட்டியில் உட்கார்ந்திருக்கிறது. இந்த மாப்பிள்ளை மரியாதை அதற்கு எங்கே கிடைத்தது?

முதலில் ஜப்பானில். அங்கே ஜனவரி 7 அன்று ஏழு கீரைக் கஞ்சி குடிப்பது மரபு. ஏழில் ஒன்று முள்ளங்கிக் கீரை. நாற்றை மட்டும் தனியாகத் தின்கிற பழக்கமும் அங்கே உண்டு. அதன் பெயர் கைவாரே. இரண்டு வித்திலைகளும் பிளந்து நிற்பது கிளிஞ்சல் வாய் திறந்ததுபோல இருப்பதால் அந்தப் பெயர். கடலோரத்தவர் கண்ணுக்குத்தான் அப்படித் தெரியும். எனக்கு அது வண்ணாத்திப்பூச்சி.

1996 கோடையில் ஒசாகாவுக்குப் பக்கத்தில் சக்காய் நகரத்தில் பள்ளி மதிய உணவு சாப்பிட்ட ஆயிரக்கணக்கான பிள்ளைகள் ஒரே நேரத்தில் வயிற்றுப்போக்கில் விழுந்தார்கள். சில பிள்ளைகள் இறந்தார்கள். ஈ-கோலை O157 என்ற கிருமி. அரசு சந்தேக விரலைக் கைவாரே மீது நீட்டியது. நாடு முழுக்க ஒரே நாளில் வாங்குவார் இல்லாமல் போயிற்று. சுகாதார அமைச்சராயிருந்த நவோட்டோ கான் தொலைக்காட்சிக் கமராக்களுக்கு முன் உட்கார்ந்து ஒரு கிண்ணம் கைவாரேயைத் தின்று காட்டினார். அதே கான் 2010இல் பிரதமரானார். வளர்த்தவர்கள் அரசு மீது வழக்குப் போட்டார்கள், ஆண்டுகள் கழித்து வென்றார்கள். 2011இல் ஜெர்மனியில் இன்னும் பெரிய அவலம் நடந்தது. முளைகட்டிய வெந்தயத்தால் 50 பேருக்கு மேல் இறந்தார்கள். விதை எகிப்திலிருந்து போனது.

இந்தக் கதையை நான் பயமுறுத்தச் சொல்லவில்லை. முளைக்கும் குறுங்கீரைக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் புரிகிறது. விதைத்தோலின் வெடிப்பில் ஒட்டிக்கொண்டு வரும் கிருமிக்கு, ஈரமும் வெதுவெதுப்பும் காற்றில்லாத ஜாடியும் கிடைத்தால் கொண்டாட்டம். அதை விதையோடு பச்சையாக விழுங்குகிறோம். குறுங்கீரை வெளிச்சத்திலும் காற்றிலும் நிற்கிறது, மண்ணுக்கு மேலே கத்தரிக்கப்படுகிறது. ஆபத்து குறைவு. இல்லை என்று சொல்ல மாட்டேன். அதனால் இந்தப் பயணத்தில் எல்லாமே விதையைப் பொறுத்தது. நல்ல விதை எது, யார் கொடுத்தது, அதன்மேல் என்ன பூசியிருக்கிறது.

ஜப்பானிலிருந்து பசிபிக் கடந்தால் கலிபோர்னியா. 1980களில் சான் பிரான்சிஸ்கோ உணவகச் சமையற்காரர்கள் தட்டலங்காரத்துக்கு நாற்றுகளைப் பயன்படுத்தத் தொடங்கினார்கள். 1990களின் இறுதியில் மைக்ரோகிரீன் என்ற சொல் அச்சேறிற்று. அலங்காரத்துக்கு வந்ததை மருந்தாக்கியது 2012இல் வந்த ஓர் ஆய்வு. மேரிலாந்துப் பல்கலைக்கழகத்தாரும் அமெரிக்க விவசாயத் திணைக்களத்தாரும் 25 வகைக் குறுங்கீரைகளில் சத்துகளை அளந்தார்கள். வைட்டமின் ஈ-யில் முதலிடம் பச்சை டைக்கொன் முள்ளங்கிக்கு. வைட்டமின் கே-யில் முதலிடம் எதற்குத் தெரியுமா? சிவப்புத் தண்டுக்கீரை இனத்துக்கு. நம் வீட்டுப் பின்வாசலில் தானே முளைத்துத் தானே சாகிற கீரை. அந்த ஆய்வுக்குப் பிறகு பத்திரிகைகள் நாற்பது மடங்கு சத்து என்று கத்தின. ஒருவர் ஒரு வேளைக்குத் தின்பது ஒரு கைப்பிடி, 20 கிராம்கூட வராது என்பதைக் கத்தவில்லை. நான் இதை மருந்தாக நினைத்துத் தின்பதில்லை. காரத்துக்காகத் தின்கிறேன்.

நிறத்துக்கு வருகிறேன். சைனா ரோஸ் என்ற இனத்தின் நாற்றுக்கு ரோசாத் தண்டு. சங்கோ என்ற இனத்துக்குத் தண்டும் இலையும் ஊதா. ஜப்பானிய மொழியில் சங்கோ என்றால் பவளம். இந்த நிறம் ஆந்தோசயனின் என்ற சாயம். நாவல்பழத்தில் இருப்பதும், சிவப்புக் கோவாவில் இருப்பதும் அதுவே. இருட்டில் இது பிறக்காது. வெளிச்சம் பட்டால்தான் வரும், குளிர் சேர்ந்தால் கூடும். ஆகவே ஒரே விதையை ஒரே நாளில் கொழும்பிலும் கண்டியிலும் நுவரெலியாவிலும் விதைத்தால், மலை ஏற ஏற நிறம் ஏறும். கண்டி நடுவில். சுமார் 500 மீற்றர் உயரம். மார்கழி, தைப் பனியில் என் ஜன்னலோரத் தட்டு கறுக்கிற கறுப்பு சித்திரையில் வராது.

இங்கே எப்படி வந்தது? 2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதிக்குத் தடை வந்தது, நவம்பரில் நீங்கியது. அதற்குள் மலையகத் தோட்டங்களும் மரக்கறிப் பாத்திகளும் பட்ட பாட்டைச் சொல்ல வேண்டியதில்லை. அடுத்த வருடம் பெற்றோல் வரிசை, எரிவாயு வரிசை. 2022 ஜூனில் அரச ஊழியருக்கு வெள்ளிக்கிழமை லீவு கொடுத்து வீட்டுத்தோட்டம் செய்யச் சொன்னது அமைச்சரவை. கண்டியில் வீட்டுத்தோட்டம் புதிதில்லை. மிளகுக்கொடி ஏறிய பலா, அடியில் கோப்பி, அதற்கடியில் இஞ்சி என்று அடுக்கடுக்காக இருக்கும் கண்டித் தோட்டங்களைப் பார்த்து வெளிநாட்டார் ஆராய்ச்சி எழுதியிருக்கிறார்கள். ஆனால் அது காணி உள்ளவர் கதை. கட்டுக்கலையில், கட்டுகஸ்தோட்டையில், மாடி வீட்டில் வாடகைக்கு இருப்பவருக்கு ஜன்னல் விளிம்புதான் காணி. அந்த வெள்ளிக்கிழமைகளில் என்னைப் போன்றவர்கள் பசளைப் பையில் தக்காளி வைத்துத் தோற்று, ஐஸ்கிறீம் பெட்டி மூடியில் கீரை வைத்து வென்றோம்.

என் முதல் முயற்சி வெட்கக்கேடு. சந்தைப் பக்கத்து விதைக் கடையொன்றில் ராபு விதை பக்கட் ஒன்று வாங்கினேன். விதைகள் ரோசா நிறத்தில் அழகாக இருந்தன. நிறமுள்ள இனம் என்று மகிழ்ந்து விதைத்தேன். மூன்றாம் நாள், பக்கட்டின் பின்பக்கத்தில் கண்ணாடி போட்டுத்தான் வாசிக்க முடிகிற எழுத்தில், பூஞ்சணக்கொல்லி கலந்தது, உண்ணக் கூடாது என்றிருந்ததைப் பார்த்தேன். அந்த ரோசா நிறம் விதையின் நிறமல்ல, மருந்தின் அடையாளச் சாயம். நிலத்தில் விதைத்து இரண்டு மாதம் கழித்துக் கிழங்கு பிடுங்குகிறவருக்கு அது பாதுகாப்பு. ஏழு நாளில் அறுத்துத் தின்கிறவருக்கு விஷம். தட்டோடு புதைத்தேன். கடைக்காரர் மேல் பிழையில்லை, நான் கேட்கவில்லை. நீங்கள் கேளுங்கள்: மருந்து போடாத விதையா? பதில் தெரியாது என்றால் வாங்க வேண்டாம்.

ஒழுங்காக வந்த தட்டு இப்படித்தான் வந்தது. ஒரு மேசைக்கரண்டியின் பாதிக்குச் சற்றுக் கூட, 5 கிராம், அதாவது 500 விதை. சோற்றுப் பார்சல் கட்டித் தருகிற பிளாஸ்டிக் பெட்டி ஒன்றுக்கு அது போதும். பெட்டியின் அடியில் சூடான ஊசியால் துளை. உள்ளே இரண்டு விரல் உயரத்துக்குத் தும்புத்தூள். நம் தென்னைத் தும்புத்தூள் கட்டிகளாக அமுக்கப்பட்டு ஐரோப்பியப் பசுமைக் கூடங்களுக்குக் கப்பலேறுகிறது. அதில் வளர்கிற கீரையின் விதையைத்தான் நாம் விலை கொடுத்துத் திரும்ப வாங்குகிறோம். தும்புத்தூளை இரண்டு தண்ணீரில் அலசிப் பிழிய வேண்டும், உப்பு இருக்கும். விதைகளை நாலைந்து மணி நேரம் ஊறவைத்து, ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல், ஆனால் தோளோடு தோள் உரசும்படி பரப்ப வேண்டும். மேலே மண் போடத் தேவையில்லை. மற்றொரு வெறும் பெட்டியை விதைமேல் படும்படி உள்ளே வைத்து, அதன்மேல் பாரம். நான் வைப்பது அம்மிக் குழவி. பாரம் ஏன் என்று எல்லோரும் கேட்கிறார்கள். நாற்று அந்தப் பாரத்தை முட்டித் தூக்கும்போது வேர் கீழே ஊன்றிக்கொள்கிறது, விதைத்தோல் கழன்று விழுகிறது. 500 முளைகள் சேர்ந்து குழவியைத் தூக்குவதை இரண்டாம் நாள் இரவு கண்ணால் பார்க்கலாம். இந்த வித்தையில் எனக்கு மிகப் பிடித்த கட்டம் அதுதான்.

இரண்டாம் நாள் இன்னொன்றும் நடக்கும். பாரத்தை எடுத்துவிட்டுக் கறுப்புத் துணியால் மூடும்போது பார்த்தால், வேரைச் சுற்றி வெள்ளை வெள்ளையாகப் பஞ்சு. பூஞ்சணம் என்று பயந்து எத்தனையோ பேர் தட்டைக் கொட்டியிருப்பார்கள். தண்ணீரைப் புகைபோல் தெளித்துப் பாருங்கள். பஞ்சு மறைந்தால் அது வேர்த்தூவி. மறையாமல் தண்டுக்குத் தண்டு சிலந்தி வலைபோல் ஓடினால்தான் பூஞ்சணம். ஐப்பசி, கார்த்திகையில் கண்டியில் பின்னேரமெல்லாம் மழை. மகாவலிப் பக்கத்து வீடுகளில் சுவரே வியர்க்கும். அந்த மாதங்களில் விதையைக் கொஞ்சம் ஐதாகத் தூவி, மேலிருந்து தெளிக்காமல் கீழ்த் தட்டில் தண்ணீர் ஊற்றினால் தப்பலாம். ஒரு சிறு விசிறி ஓடினால் இன்னும் நல்லது.

மூன்றாம் நாள் துணிக்கு அடியில் எல்லாம் மஞ்சள். நீண்ட வெளுத்த தண்டு, தலையில் குவிந்த மஞ்சள் இலை. அத்தை பார்த்தது அந்தக் கோலத்தைத்தான். அவருக்கு அது அச்சு அசலாக முளைப்பாரி.

யோசித்தால் அவர் சொன்னதில் என்ன பிழை? மண் சட்டியில் எருவும் மண்ணும் பரப்பி, நவதானியத்தை ஊறவைத்து நெருக்கமாகத் தூவி, ஒதுக்கமான அறையில் இருட்டில் வைத்து, நாள் தவறாமல் நீர் தெளித்து, ஒன்பது நாளில் மஞ்சள் பட்டாக ஒரு சாண் உயரத்துக்கு வளர்த்தெடுப்பது முளைப்பாரி. கலியாணத்தில் அதுவே முளைப்பாலிகை. நவராத்திரிக்குக் கும்பம் வைக்கிற வீடுகளிலும் பள்ளிக்கூடங்களிலும் கும்பத்தைச் சுற்றி மண் பரப்பி நவதானியம் போடுவோமே, விஜயதசமியன்று எடுக்கிற அந்தப் பயிரும் இதுதான். நெருக்கமாக விதைப்பது, இருட்டில் நீளவைப்பது, தண்ணீரைத் தெளித்தே காப்பது, இவற்றில் எதையும் கலிபோர்னியாவிலிருந்து நாம் கற்க வேண்டியதில்லை. வெளிச்சம் தேடி நாற்று நீண்டு வெளுப்பதைத் தாவரவியல் ஒரு பெயரிட்டுச் சொல்லும். தோட்டத்துப் பெண்கள் பெயரிடாமல் செய்தார்கள்.

அத்தையிடம் மறுநாள் கேட்டேன், முளைப்பாரி சரியாக வராவிட்டால் என்ன சொல்வீர்கள் என்று.

"வீட்டுக்கு ஆகாதும்பாங்க. அந்த வருசம் மழ சரியில்லேம்பாங்க. எங்க அம்மா மட்டும் வேற சொல்லும். வித கெட்டுப்போச்சு, பக்கத்து லயத்துல வாங்குங்கடின்னு சொல்லும்."

அவருடைய அம்மா சொன்னதுதான் எனக்கு முக்கியம். கன்னொறுவைப் பக்கத்து விதைச் சோதனைக் கூடத்தில் வெள்ளை அங்கி போட்டவர்கள் எண்ணி வைத்த விதைகளை ஈரத் தாளில் முளைக்கவிட்டு நூற்றுக்கு எத்தனை என்று எழுதுகிறார்கள். முளைப்பாரியும் சாமி பெயரில் நடந்த முளைப்புச் சோதனைதான் என்பது என் கருத்து. விதைப்பு மாதத்துக்கு முன்னே, வீட்டுக்கு வீடு, கைவசமுள்ள விதையை ஒரு சட்டியில் போட்டு ஊரறியக் காட்டிவிடுவது. பக்தி இல்லை என்று சொல்லவில்லை. பக்தி இருந்ததால்தான் சோதனை வருடம் தவறாமல் நடந்தது.

நாலாம் நாள் ஜன்னலுக்குப் போன தட்டு இரண்டு மணி நேரத்தில் பச்சை பிடித்தது. மாலைக்குள் தண்டில் ரோசா ஓடியது. எல்லாம் வெளிச்சப் பக்கம் சாயும், தட்டைத் திருப்பி வைத்தால் இரவுக்குள் மறுபக்கம் சாயும். ஆறாம் ஏழாம் நாளில் நான்கு விரல் உயரம். அறுக்க அதுதான் நாள். எட்டு ஒன்பதில் உண்மையிலை வரும். முள்ளங்கியின் உண்மையிலை சுனையுள்ளது, நாக்கில் சொரசொரக்கும். பெயரில் உள்ள முள் ஒன்பதாம் நாள்தான் பிறக்கிறது என்பேன், சொல்லாராய்ச்சிக்காரர்கள் கோபித்தால் கோபிக்கட்டும். 5 கிராம் விதைக்கு எனக்கு 35 கிராம் அளவில் கீரை வந்தது. கத்தரித்த நாற்று மறுபடி துளிர்க்காது, துளிர்க்கும் குருத்தைத்தான் நாம் தின்றுவிடுகிறோம். வேரோடு தும்புத்தூளை ரோசாச் சட்டியில் கொட்டலாம்.

சமைக்கக் கூடாது என்பது ஒன்றுதான் விதி. முள்ளங்கியின் காரம் இலைக்குள் காரமாக இல்லை. இரண்டு பொருள்கள் தனித்தனி அறையில் இருக்கின்றன. பல் பட்டு அறை உடைந்தால் நொதி ஓடிவந்து காரத்தைப் பிறப்பிக்கும். சூடு பட்டால் நொதி செத்துவிடும். அதனால் பருப்பை இறக்கி வைத்து, தட்டில் சோற்றுக்குமேல் பருப்பு, பருப்புக்குமேல் ஒரு பிடி கீரை. பாணுக்கு நடுவே வெண்ணெய் தடவிய முட்டையோடும் சேரும். அத்தை கண்டுபிடித்த வழி எல்லாவற்றிலும் மேல். கட்டைச் சம்பலை இடித்து முடித்து, கடைசியில் கீரையைக் கையால் பிய்த்துப் போட்டுத் தேசிக்காய் பிழிவது. புளி பட்டதும் ஊதாத் தண்டு பளீரென்று ரோசாவாகும். ஆந்தோசயனின் புளியில் சிவக்கும், காரத்தன்மையில் நீலமாகும். சிவப்புத் தண்டுக்கீரை நாற்றில் தேசிக்காய் பிழிந்து பாருங்கள், அப்படி மாறாது. அதன் சிவப்பு பீட்ரூட் குடும்பத்துச் சாயம், வேறு சரக்கு. பேரப்பிள்ளைகள் இந்த விளையாட்டுக்காகவே கீரை தின்றார்கள். இரத்தம் உறையாமலிருக்க வார்பரின் குளிசை எடுப்பவர்கள் மட்டும் தினமும் அள்ளித் தின்ன முன் வைத்தியரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ள வேண்டும், வைட்டமின் கே அதற்கு எதிராக வேலை செய்யும்.

நிறமுள்ள விதைக்கு நாம் இன்னும் வெளிநாட்டுப் பக்கட்டைத்தான் பார்த்திருக்கிறோம். அது கிடைக்காத மாதங்களில் நான் மளிகைக் கடையில் கறிக்கு விற்கிற கடுகைப் போடுகிறேன். அதே குடும்பம், அதே காரம், நிறம் மட்டும் இல்லை. அத்தைக்கு அதில் திருப்தியில்லை. பக்கட்டில் மிச்சமிருந்த ஊதா விதையில் பத்தைப் பசளைப் பையொன்றில் ஊன்றி, அறுக்காமல் விட்டுவிட்டார். விதைக்கு ஒரு செடி போதாதா என்று கேட்டேன். போதாது என்று பிறகு நானே படித்துத் தெரிந்துகொண்டேன். முள்ளங்கிப் பூ தன் மகரந்தத்தைத் தானே ஏற்காது. ஐந்தாறு செடி ஒன்றாகப் பூக்க வேண்டும், தேனீ வர வேண்டும். பக்கத்தில் வெள்ளை ராபு பூத்தால் கலந்துவிடும், அடுத்த தலைமுறை நிறம் கெடும்.

கிழங்கு கட்டையாகி, தண்டு இடுப்புயரம் எழுந்து, வெள்ளையில் ஊதா நரம்போடிய நாலிதழ்ப் பூக்கள் வந்தன. பிஞ்சுக் காய்களில் பாதியைப் பிள்ளைகள் பறித்துத் தின்றுவிட்டார்கள், அதுவும் காரம்தான், நல்ல ருசி. மீதிக் காய்கள் இப்போது செடியிலேயே காய்ந்து வைக்கோல் நிறமாகிக்கொண்டிருக்கின்றன. கடுகுக் காய்போல் இது தானாக வெடித்துச் சிதறாது. நெற்றை நன்றாகக் காயவிட்டுப் பறித்து, உரலில் போட்டு மெதுவாக இடித்துப் புடைத்தால்தான் விதை வெளியே வரும். உங்கள் வீட்டு உரலை இன்னும் விற்காமல் வைத்திருந்தால், விற்காதீர்கள்.